காய்ந்த குட்டையில் உறங்கும் மீன்

குட்டை வற்றிவிட்டால் அதிலிருந்த மீனும் போயிற்று என்றுதான் நாம் எண்ணுவோம். பிடித்தது போக எஞ்சியவை கொக்குக்கும் நாரைக்கும் இரையாகும். சேறு காய்ந்து வெடிக்கும். ஆனால் ஆப்பிரிக்காக் கண்டத்தின் கிழக்குப் பகுதியில், வற்றிய குட்டையின் மண்ணுக்குள்ளேயே தன் சந்ததியை வைத்துக் காக்கும் மீன்கள் உண்டு. தண்ணீர் வற்றும்போது வளர்ந்த மீன்கள் யாவும் மாண்டுபோகும். அவை இட்ட முட்டைகள் மட்டும் காய்ந்த சேற்றுக்குள் பல மாதம் உயிரோடு கிடக்கும். அடுத்த மழையின் தண்ணீர் பட்டதும், சில மணி நேரத்துக்குள் குஞ்சுகள் வெளிப்பட்டு நீந்தத் தொடங்கும்.

இந்த மீன்களை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கவும், இனம் பெருக்கவும் இயலும். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஆனால் ஒழுங்கும் நாட்கணக்கும் இன்றியமையாதவை. மற்ற வண்ண மீன்களில் ஒரு பருவம் தவறினால் மறு பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதில் ஒரு தலைமுறை தவறினால் நம்மிடமுள்ள வமிசமே அற்றுப்போகும். ஆகவே இம்மீனின் இயல்பையும், வளர்க்கும் முறையையும், வளர்ப்போர் மேற்கொள்ள வேண்டிய பொறுப்பையும் இக்கட்டுரையில் முறையே காண்போம்.

பிறப்பிடமும் இயல்பும்

இம்மீன்களின் விஞ்ஞானப் பெயர் நோத்தோபிராங்கியஸ் என்பது. இப்பெயர் 1868-ஆம் ஆண்டில் இடப்பட்டது. மீன் வளர்ப்போர் சுருக்கமாக ‘நோத்தோ’ என்று சொல்லுவர். சூடான் நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்கா வரையில், பெரும்பாலும் கிழக்குப் பகுதியில், இவற்றுள் 90-க்கு மேற்பட்ட இனங்கள் காணப்படுகின்றன. பல இனங்கள் 5 அல்லது 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு மேல் வளர்வதில்லை. ஆண் மீன்கள் சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய நிறங்களில் ஒளிவீசும். பெண் மீன்கள் சாம்பல் நிறமாய், எவ்வித அலங்காரமுமின்றி இருக்கும்.

இவை எல்லாக் குட்டைகளிலும் வாழ்வதில்லை. நம் நாட்டுக் கரிசலைப் போல, ஈரத்தில் ஊதிப் பருத்து, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் கருங்களிமண் உள்ள பள்ளங்களே இவற்றுக்கு ஏற்றவை. அத்தகைய மண் மழைநீரைக் கீழே கசிய விடாமல் சில மாதம் தாங்கி நிற்கும். காய்ந்த பின்னும் உள்ளே சிறிது ஈரத்தைப் பற்றி வைத்திருக்கும். கரிசல் நிலத்து உழவர்கள் இந்தக் குணத்தை நன்கு அறிவர். மண்ணின் அந்தச் சிறு ஈரமே முட்டைகளுக்கு ஆதாரம்.

தண்ணீர் நிற்கும் காலம் குறுகியதாகையால் இவற்றின் வாழ்வும் விரைவானது. நோத்தோபிராங்கியஸ் ஃபர்சேரி என்னும் இனம், மொசாம்பிக் நாட்டுக் குட்டைகளில், முட்டையிலிருந்து வெளிவந்த 14 நாட்களிலேயே முட்டையிடும் பருவத்தை எய்துவது 2018-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்களால் அறிவிக்கப்பட்டது. பருவமெய்திய பெண் மீன் நாள்தோறும் முட்டையிடும். ஆண் தன் முதுகுத் துடுப்பைப் பெண்ணின்மீது வளைத்து அணைத்துக்கொள்ள, இரண்டும் அடிமண்ணில் அழுந்தி, ஒவ்வொரு முட்டையாகப் புதைத்துச் செல்லும். முட்டையின் குறுக்களவு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்.

விதைநெல் போன்ற முட்டை

முட்டைக்குள் நிகழ்வதே இம்மீனின் பெரும் விந்தை. கரு தொடர்ச்சியாக வளர்ந்துவிடுவதில்லை. மூன்று இடங்களில் நின்று உறங்கக்கூடும். முதல் உறக்கம், கருவின் உருவமே அமையாத தொடக்க நிலையில். இரண்டாவது, உடலின் அமைப்பு தோன்றி இதயம் உண்டான பிறகு. மூன்றாவது, குஞ்சு முழு உருவம் பெற்று வெளிவரக் காத்திருக்கும் நிலையில். உறங்கும் கரு மிகக் குறைந்த அளவே உயிர்ச்சக்தியைச் செலவிடுகிறது. ஆகவேதான் மாதக்கணக்கில் உணவின்றி இருக்க அதனால் இயல்கிறது.

ஒரே நாளில் ஒரே தாய் இட்ட முட்டைகளும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்வதில்லை. சில முதல் மழைக்கே பொரிக்கும். சில அடுத்த மழைக்குப் பொரிக்கும். சில அதற்கும் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். முதல் மழை பெய்து ஏமாற்றிக் குட்டை விரைவில் வற்றிவிட்டால் அதில் பிறந்த குஞ்சுகள் மடியும். ஆனால் மண்ணில் எஞ்சியவை பிழைக்கும். முதல் மழையை நம்பி விதைநெல் முழுவதையும் விதைத்துவிடாமல், ஒரு பகுதியைக் குதிரில் வைத்திருக்கும் உழவனின் முன்யோசனையை இங்கே காண்கிறோம். வளர்ப்போர் இவ்வுண்மையை மனத்தில் பதித்துக்கொண்டால் பின்னர் கூறப்போகும் முறை எளிதில் விளங்கும்.

பொழுதுபோக்காளர் காத்த செல்வம்

‘தொட்டியில் மீன் வளர்ப்பது வெறும் வேடிக்கைதானே, அதனால் உலகுக்கு என்ன பயன்?’ என்று சிலர் கேட்கலாம். மேலே கூறிய ஃபர்சேரி இனத்தின் வரலாறே அதற்கு விடை. இப்போது ஜிம்பாப்வே என வழங்கும் நாட்டின் தென்கிழக்கில் கொனாரெஷோ என்னும் வனப்பகுதி உள்ளது. அங்கு ஒரு குட்டையில் 1968-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஃபர்சர் என்பவர் இம்மீன்களைப் பிடித்தார். 1971-ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே இவ்வினத்துக்குப் பெயரிடப்பட்டது. அங்கிருந்து கொண்டுவரப்பட்ட சில மீன்களின் வமிசத்தை மீன் வளர்க்கும் ஆர்வலர்கள் தம் வீட்டுத் தொட்டிகளிலேயே தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தனர். அவர்களிடம் ஆராய்ச்சிச்சாலை இல்லை; அரசாங்க மானியமும் இல்லை. ஈரத்தூளில் முட்டைகளை வைத்து, நாள் குறித்து, தவறாமல் நனைத்தனர். ஒருவருக்கொருவர் முட்டைகளைப் பகிர்ந்துகொண்டனர். அவ்வளவே.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2003-ஆம் ஆண்டில், ஸ்டெஃபானோ வால்டெசாலிசி, அலெசாண்ட்ரோ செல்லரினோ என்னும் இரு இத்தாலியர்கள் இந்த வமிசத்தைக் கொண்டு ஓர் உண்மையை வெளியிட்டனர். நன்கு பராமரித்தாலும் இம்மீன் ஏறத்தாழ 3 மாதத்துக்குள் மூப்படைந்து இறந்துவிடுகிறது என்பதே அது. முதுமையை ஆராய்வோர்க்கு இது பெரும் வாய்ப்பாயிற்று. எலி முதுமையடைய இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இம்மீன் ஒரு பருவத்திலேயே பிறப்பும் வளர்ச்சியும் முதுமையும் காட்டிவிடுகிறது. 2015-ஆம் ஆண்டில் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது. அந்த முப்பது ஆண்டுகளில் முட்டைகளை நனைக்க மறந்திருந்தால், இந்த வமிசம் ஆராய்ச்சிச்சாலையை அடைந்திராது.

தொட்டியும் தண்ணீரும்

புதிதாகத் தொடங்குவோர்க்குச் சான்சிபார்த் தீவைத் தாயகமாகக் கொண்ட நோத்தோபிராங்கியஸ் குந்தரி ஏற்றது. இதன் ஆண் மீன் நீலப் பச்சை மேனியும் செந்நிற வாலும் உடையது. 5 சென்டிமீட்டர் அளவே வளரும். தொட்டியில் ஓராண்டு அளவு உயிர் வாழும்.

ஓர் ஆணும் இரண்டு அல்லது மூன்று பெண்களும் கொண்ட ஒரு குடும்பத்துக்கு 20 லிட்டர் தொட்டி போதுமானது. ஆண் மீன் ஓயாமல் துரத்துமாதலால் பெண்கள் ஒளிந்துகொள்ளச் சிறிது நீர்ச்செடி இருத்தல் நலம். இவை துள்ளும் இயல்புடையவை. மூடியில்லாத் தொட்டியில் காலையில் மீன் தரையில் கிடக்கும். குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே ஊற்ற வேண்டும். பஞ்சு வடிகட்டி ஒன்று மெல்ல இயங்கினால் போதும். விரைந்தோடும் நீர் இவற்றுக்கு ஆகாது.

தண்ணீரின் வெப்பம் 22 முதல் 26 டிகிரி சென்டிகிரேட் வரை இருப்பது சிறப்பு. ஃபர்சேரி இனத்தை 25 டிகிரிக்குப் பதில் 22 டிகிரியில் வளர்த்தபோது அதன் ஆயுள் நீண்டது என்று 2006-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டனர். நம் கோடையில் இந்த அளவைக் காப்பது கடினம். தொட்டியை வெயில் படாத அறையில் தரையோடு வைத்து, ஈரத்துணி சுற்றி, நீரைச் சிறிது சிறிதாக மாற்றி வந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

மேனியில் பொன்தூள் தூவியது போன்ற ஒரு நோய் இம்மீன்களை எளிதில் பற்றும். கண்டவுடன் கவனிக்காவிடில் தொட்டி முழுவதையும் அழித்துவிடும். அதைத் தடுக்க, 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கல்லுப்பைக் கரைத்து வைப்பது வளர்ப்போர் வழக்கம்.

உணவு

உயிருள்ள உணவையே இவை விரும்பும். நீர்த்தெள்ளு எனப்படும் டாஃப்னியா, டியூபிஃபெக்ஸ் புழு, கொசுவின் கூத்தாடிப் புழு ஆகியவை நல்ல உணவுகள். கூத்தாடிப் புழுவைப் பொறுத்து ஓர் எச்சரிக்கை: அதற்கென வீட்டில் தண்ணீரைத் தேக்கி வைத்தல் கூடாது. தேங்கிய இடத்தில் கண்டதை வலையால் அள்ளி வந்து, மீன் உடனே தின்றுவிடும் அளவே இட்டு, அந்த இடத்துத் தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். மீனுக்கு உணவு தேடப்போய் ஊருக்கு டெங்குக் காய்ச்சலை உண்டாக்குதல் தகாது. நிழலில் ஒரு தொட்டி வைத்து, கொசுவலை கட்டி, டாஃப்னியாவைப் பெருக்கிக்கொள்வதே மேல்.

முட்டை எடுத்தல்

இயற்கையில் களிமண் செய்யும் வேலையைத் தொட்டியில் ‘பீட்’ எனப்படும் மக்கிய பாசித்தூள் செய்கிறது. நம் நாட்டில் எளிதாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவுத் தூளும் உதவும். ஆனால் அதில் உப்பும் கறையும் மிகுதி. ஆகவே பலமுறை அலசி, கொதிக்கவைத்து, சாயம் இறங்குவது குறையும் வரையில் மீண்டும் அலச வேண்டும். நன்கு நனைந்து நீரில் அமிழும் தூளையே பயன்படுத்த வேண்டும்.

அகன்ற வாயுள்ள சிறு கிண்ணமொன்றில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு இத்தூளை நிரப்பித் தொட்டியின் அடியில் வைத்தால், மீன்கள் தாமே அங்கு வந்து முட்டையிடும். வாரம் ஒருமுறை கிண்ணத்தை எடுத்து, தூளை மெல்லிய துணியில் கொட்டி, நீரை மென்மையாகப் பிழிய வேண்டும். பின் செய்தித்தாளில் பரப்பி, சில மணி நேரம் நிழலில் உலரவிட வேண்டும்.

எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதே இங்கு முக்கியம். புட்டுக்குப் பிசறிய மாவைப் போல, கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும். விரலால் தொட்டால் உதிர வேண்டும். பிடித்தால் நீர் சொட்டுமானால் முட்டை பூசணம் பிடித்து அழுகும். பிடியே நில்லாதானால் கரு காய்ந்து போகும். பதம் சரியானதும் பாலிதீன் பையிலிட்டு, வாயைக் கட்டி, பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

பையின்மேல் ஒட்டும் சீட்டு

ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு ஒட்டுவது கட்டாயம். அதில் மீன் இனத்தின் பெயர், அதன் மூதாதைகள் பிடிக்கப்பட்ட ஊர், பையில் இட்ட நாள், நனைக்க வேண்டிய நாள் ஆகிய நான்கையும் எழுத வேண்டும். ஊர்ப்பெயர் எதற்கு என்று கேட்கலாம். ஒரே இனமாயினும் ஒரு குட்டை மீனுக்கும் வேறொரு குட்டை மீனுக்கும் நிறத்திலும் வளர்ச்சியிலும் வேறுபாடு உண்டு. பல இனங்களின் பெண் மீன்களைப் பார்த்து இன்ன இனம் என்று சொல்வதும் அரிது. சீட்டு ஒருமுறை உதிர்ந்துவிட்டால் பின்னர் மீனைப் பார்த்து அதை எழுதிக்கொள்ள முடியாது.

இதை நாம் பட்டு அறிந்தோம். ஈரம் பட்டு மை கலைந்த இரண்டு பைகள் ஒருமுறை நம் பெட்டியில் இருந்தன. இரண்டும் நன்றாகவே பொரித்தன, குஞ்சுகளும் செழித்தன. ஆனால் எது எந்த ஊர் மீன் என்று சொல்லவொண்ணாமையால், அவற்றை எவருக்கும் கொடுக்கவோ இனம் பெருக்கவோ நாம் துணியவில்லை. ஆயுள் முடியும்வரை தனித்தொட்டியில் வைத்திருந்தோம். அத்துடன் அந்த இரண்டு வமிசங்களும் நம்மிடம் முடிந்தன. பென்சிலால் எழுதிய சீட்டைப் பைக்குள்ளும் ஒன்று, வெளியிலும் ஒன்று வைத்திருந்தால் அவை தப்பியிருக்கும்.

நனைத்தலும் குஞ்சு வளர்த்தலும்

குந்தரி இனத்தின் முட்டைக்கு ஏறத்தாழ 3 மாதம் வேண்டும். வெப்பம் மிகுந்தால் இக்காலம் குறையும். ஆதலால் 2 மாதம் கடந்ததும், வாரம் ஒருமுறை இரண்டொரு முட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பொன்வளையமிட்ட இரு கண்கள் முட்டைக்குள் தெளிவாகத் தெரிந்தால் குஞ்சு ஆயத்தமாகிவிட்டது என்று பொருள்.

அகலத் தட்டொன்றில் தூளைக் கொட்டி, நான்கு விரற்கடை உயரத்துக்குக் குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டும். 20 டிகிரி அளவில் இருப்பது நன்று. மண்பானையில் இரவெல்லாம் வைத்திருந்த தண்ணீர் இதற்கு ஏற்றது. இயற்கையிலும் முதல் மழையின் குளிர்ச்சியே குஞ்சுகளை எழுப்புகிறது. சில மணி நேரத்தில் ஊசிமுனை போன்ற குஞ்சுகள் நீந்தக் காண்போம். சில குஞ்சுகள் எழும்ப இயலாமல் அடியிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றின் காற்றுப்பை நிரம்பவில்லை, அவை தேறுவதில்லை. உரிய காலத்துக்கு முன்போ பின்போ நனைத்தால் இத்தகையவை மிகும்.

பிறந்த நாளிலேயே குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர் இறாற்பூச்சியின் குஞ்சுகளை உணவாகக் கொடுக்கலாம். அதன் உலர்ந்த முட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. உப்பு நீரில் இட்டுக் காற்றூட்டினால் ஒரு நாளில் பொரித்துவிடும். நாளுக்கு இருமுறை உணவும், வாரத்துக்கு இருமுறை கால்பங்கு நீர் மாற்றமும் தவறாமல் நடந்தால், ஒரு மாதத்துக்குள் ஆண் மீன்கள் நிறம் காட்டத் தொடங்கும். இரண்டு மாதத்துக்குள் முட்டையிடும்.

பொரித்த தூளை எறிந்துவிடலாகாது. விதைநெல்லை நினைவுகூர்க. மீண்டும் பிழிந்து, உலர்த்தி, பையிலிட்டு, மூன்று நான்கு வாரம் சென்றபின் மறுபடி நனைத்தால் மேலும் குஞ்சுகள் வெளிவரும். எல்லாப் பைகளையும் ஒரே நாளில் நனைப்பதும் தவறு. ஒரு தொட்டியில் நோய் புகுந்தாலும் பெட்டியில் இரண்டு பைகள் எஞ்சியிருக்குமாறு பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.

ஊர்க்குளத்தில் விடலாகாது

‘இம்மீன் கூத்தாடிப் புழுவைத் தின்கிறதே, ஊர்க்குட்டையில் விட்டால் கொசு ஒழியுமே’ என்ற எண்ணம் எழுவது இயல்பு. அதைச் செய்தல் கூடாது. இதற்கு நாம் வெகுதூரம் சான்று தேட வேண்டியதில்லை. நாம் ஜிலேபிக் கெண்டை என்று அழைக்கும் திலேப்பியா மீனும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததே. உணவு பெருகும் என்ற நல்லெண்ணத்துடன் 1952-ஆம் ஆண்டில் அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் அது எளிதில் பல்கியது. ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பரவி, நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் பங்கிட்டுக்கொண்டது. ஒருமுறை பரவிய மீனைத் திரும்ப அழைக்க வழி இல்லை.

நோத்தோ சிறிய மீன்தான். ஆனால் கரிசல் மண்ணில் தேங்கி வற்றும் நீரே அதன் தாயகம் என்பதையும், அதன் முட்டை வறட்சியைத் தாங்கும் என்பதையும் மறத்தலாகாது. நம் கரிசல் பள்ளங்களில் மழைக்காலத்தில் தவளைக் குஞ்சுகளும் நீர்ப்பூச்சிகளும் தமக்கென்று வாழ்கின்றன. அவற்றுக்கிடையே புதிய வாயொன்றைப் புகவிடும் உரிமை நமக்கு இல்லை. தொட்டியின் கழிவுநீரை வாய்க்காலில் கொட்டாமல் செடிகளுக்கு ஊற்ற வேண்டும். வேண்டாத தூளைக் கொதிநீர் ஊற்றி முட்டைகளை அழித்த பின்னரே எருக்குழியில் இட வேண்டும். வெளிநாட்டிலிருந்து மீனையோ முட்டையையோ தருவிக்க அரசாங்க அனுமதி வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். உள்நாட்டில் வளர்ப்போரிடமிருந்து பெறுவதே எளிது.

முடிவாக

இத்தொழிலால் பெரும் வருவாய் கிட்டும் என்று நாம் ஆசை காட்ட விரும்பவில்லை. குறுகிய ஆயுளுடைய மீனைக் கடைக்காரர்கள் விரும்பி வாங்குவதில்லை. எனினும் கிராமத்துப் பள்ளிக்கும் இளைஞர் மன்றத்துக்கும் இதைவிடச் சிறந்த உயிர்ப்பாடம் அரிது. பிறப்பு, வளர்ச்சி, இனப்பெருக்கம், முதுமை ஆகிய அனைத்தையும் ஒரு பள்ளியாண்டுக்குள் மாணவர்கள் கண்ணாரக் காணலாம். விடுமுறையில் தொட்டியைப் பார்ப்பாரில்லையே என்ற கவலையும் குறைவு. அக்காலத்தில் பெட்டிக்குள் முட்டைகள் உறங்கிக்கொண்டிருக்கும்.

இம்மீன்கள் வாழும் குட்டைகள் ஆப்பிரிக்காவில் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. வயலுக்காகவும் சாலைக்காகவும் வீட்டுக்காகவும் பள்ளங்கள் தூர்க்கப்படுகின்றன. சில இனங்கள் ஓரிரு குட்டைகளிலேயே வாழ்வதால், ஒரு குட்டை தூர்ந்தால் ஓர் இனமே அழியக்கூடும். உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் இவற்றுள் பல இனங்கள் இடம் பெற்றுள்ளன. வீட்டுத் தொட்டி குட்டைக்கு ஈடாகாது. குட்டைகளைக் காப்பதே முதற்கடமை. ஆயினும், பெயரும் ஊரும் நாளும் சரியாக எழுதிய ஒரு பை ஈரத்தூள், ஒரு வமிசத்தின் நம்பிக்கையாக இருக்கக்கூடும். அதைக் காப்பவர் செய்யவேண்டியவை மூன்று: சீட்டு எழுதுதல், நாள் தவறாது நனைத்தல், குளத்தில் விடாதிருத்தல்.